குழாயைப் படுக்க வைக்காதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நான் பத்து நாளாகக் கொடைக்கானலில் இருந்தேன், ஏரிச் சேறு எடுக்க. சேறு வருடா வருடம் அடுக்கடுக்காகப் படிவதால், மேலிருந்து கீழே போகப் போகப் பழைய காலம்.

1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை போட்டுத் தேக்கிய ஏரி அது. அதனால் அடியில் பழைய சதுப்பு மண், அதன் மேல் ஏரி வண்டல், இரண்டும் ஒரே குழாயில் கிடைக்கும் என்பது எங்கள் கணக்கு. படகிலிருந்து எடை கட்டிய குழாயை நேராக இறக்குவோம். சேற்றில் புதைந்ததும் மேல்மூடி அடைத்துக்கொள்ளும். தூக்கும்போது சேறு நழுவாது. தண்ணீரை விட்டு வெளியே வருவதற்குள் அடியில் ரப்பர் அடைப்பைச் செருகிவிட வேண்டும். முதல் குழாய் அருமையாக வந்தது. ஜீப்பில் இடமில்லை என்று நான்தான் அதைப் படுக்க வைத்தேன். இறக்கிப் பார்த்தால் மேல் மூன்று விரற்கடை கஞ்சி போலக் கலங்கிக் கிடக்கிறது. சமீபத்து வருடங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் எடுத்ததைக் கரையிலேயே அறுத்தோம். அடியிலிருந்து தண்டால் மெல்லத் தள்ளினால் மேலே ஒரு சென்டிமீட்டர் எழும். தகட்டால் சீவிப் பையில் போட்டு எண் எழுத வேண்டும். மேலே பழுப்புக் கூழ், போகப் போகக் கறுப்பு. நடுவே ஓர் இலையின் நரம்பு மட்டும் முழுசாக.

இப்போது லேபில் ஒவ்வொரு துண்டையும் பீங்கான் கிண்ணத்தில் 105 டிகிரியில் உலர்த்தி, 550 டிகிரியில் நாலு மணி நேரம் எரித்து எடை பார்க்கிறோம். குறைகிற எடைதான் மக்கிய இலைதழையும் பாசியும். அடுக்கின் வயதைக் கண்டுபிடிக்க ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம். காற்றிலிருந்து விழுந்து சேற்றோடு படிவது. சுமார் 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். நூறு, நூற்றைம்பது வருடம்வரைதான் உதவும் என்பதால் இந்த ஏரியின் அடிப்பகுதி எல்லையில் நிற்கிறது. துணைக்கு சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள், அணுகுண்டுச் சோதனைகளால் அது அதிகமாக விழுந்தது 1963-ஐ ஒட்டி. இரண்டும் ஒத்துப்போகாமல் ஒரு வருடத்தைக்கூட எழுத மாட்டேன்.

அப்புறம் உங்கள் ஊர்க் கண்மாய். வயலுக்கு வண்டல் அள்ள ஜேசிபி வரப்போகிறது என்றாய். அள்ளட்டும், வயலுக்கு நல்லது. அதற்கு முன் எனக்காக ஒரு குழாய் எடுத்து வை. கோடையில் வெடிக்கிற இடம் வேண்டாம். வெடிப்பு வழியே மேல்மண் இறங்கி அடுக்கு குழம்பியிருக்கும். மடைக்கு முன்னால் ஈரம் காயாத பள்ளம், நாம் கெண்டை பிடித்த இடம், அங்கே எடு. ஒரு மீட்டர் பிவிசி குழாய் போதும். மரச்சுத்தியால் அடித்து இறக்கி, மேல்வாயை இறுக மூடிய பிறகே தூக்கு. மேல்பக்கம் எது என்று குழாயிலேயே எழுது. பஸ்ஸில் வந்தாலும் நிறுத்தியே பிடித்துக்கொண்டு வா.

அன்புடன்,
செல்வம்