பெரிய குண்டும் மாலதியின் மணிக்கட்டும்

அன்புள்ள பாஸ்கருக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பேரனுக்குத் தவழும் பருவம். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாலதி அனுப்பிய மாங்காய்த் தொக்கு தீர்ந்துவிட்டது என்பதைத் தனியாக எழுதச் சொன்னாள் கமலா. எழுதிவிட்டேன்.

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்ற உன் கேள்விக்கு வருகிறேன். கடைக்குத் துப்பாக்கி வாங்குவதா வேண்டாமா என்பதைத் தொலைபேசியில் பேசித் தீர்த்துவிட்டோம், அதை மறுபடி கிளறப் போவதில்லை. கல்லாவில் இருப்பதைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. பணத்துக்குக் காப்பீடு உண்டு. துப்பாக்கி, பணத்தோடு நிற்காமல் உயிரையும் கேட்கிறவனுக்காக.

உனக்கு .45 அங்குலக் குண்டு போடும் பிஸ்டலையும் மாலதிக்கு உள்ளங்கையில் அடங்கும் ஐந்து தோட்டா ரிவால்வரையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார் என்று எழுதியிருந்தாய். செருப்புக் கடையில் காலைப் பார்த்து அளவு சொல்வதுபோல ஆளைப் பார்த்துத் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. இருவருக்கும் ஒரே அளவு, 9 மி.மீ.; அதுவும் பாக்கெட்டில் மறையும் குட்டி பிஸ்டல் வேண்டாம், கை நிறையப் பிடிக்கக்கூடிய நடுத்தர அளவு. ஏன் என்று சொல்கிறேன். நீ கணக்கு வாத்தியார் மகன், எண் இல்லாமல் சொன்னால் நம்ப மாட்டாய்.

9 மி.மீ. தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 8 கிராம் எடை. நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. .45-இன் குண்டு கிட்டத்தட்ட 15 கிராம். வேகம் 255 மீட்டர் அளவில்தான். ஆற்றலைக் கணக்கிட்டுப் பார், இரண்டுமே 490 ஜூல் அளவில் வரும். ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி உந்தத்தைக் கணக்கிட்டால் .45 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். கையை உதைப்பது அந்த உந்தம்தான். அதாவது, எதிராளிக்குப் போய்ச் சேரும் ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. சுடுகிறவன் வாங்கிக்கொள்ளும் உதை மட்டும் அதிகம். குண்டின் குறுக்களவு 9-க்கும் 11.4-க்கும் உள்ள வித்தியாசம், இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதற்காகத்தான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள்.

சண்டையின் கதை சுவையானது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கரை எதிர்த்துப் போரிட்ட மோரோ இன வீரர்கள் .38 ரிவால்வரின் குண்டுகளை வாங்கிக்கொண்டும் கத்தியோடு பாய்ந்து வந்ததைக் கண்டு அமெரிக்க இராணுவம் கலங்கிப்போனது. 1904-இல் தாம்சன் என்ற அதிகாரியும் லாகார்ட் என்ற மருத்துவரும் சிகாகோவின் மாட்டுக் கொட்டில்களில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறைந்த எதுவும் கூடாது என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஆய்வைப் படித்தால் இன்றைக்கு யாரும் அதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதன் வழியில் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் .45 பிஸ்டல் 1911-இல் இராணுவத்துக்கு வந்து, 1985-இல் 9 மி.மீ. பெரெட்டா பிஸ்டல் வரும்வரை ஆட்சி செய்தது. உன் கடைக்காரர் பேசுவது அந்த ஆட்சிக்காலப் பேச்சு.

இதைவிட நமக்குப் பாடமாக இருப்பது எஃப்.பி.ஐ. சுற்றி வந்த சுற்று. 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையரை அவர்கள் மடக்கினார்கள். முகவர் ஒருவர் சுட்ட 9 மி.மீ. குண்டு கொள்ளையரில் ஒருவனின் மேற்கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் கையில் இருந்த ரைபிளால் தொடர்ந்து சுட்டான். இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். விசாரணையின் பழி பெரும்பாலும் அந்த ஒரு குண்டின் தலையில் விழுந்தது. ரைபிளுக்கு எதிரே பெரும்பாலும் ரிவால்வரோடு போய் நின்றதைப் பற்றி இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பழி விழுந்ததும் பெரிய தோட்டாவைத் தேடினார்கள். 10 மி.மீ. கொண்டுவந்தார்கள், முழுப் பலத்தில் அது உதைத்த உதை பலருக்குத் தாங்கவில்லை. வெடிமருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு இத்தனை நீளத் தோட்டாக் கூடு எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் கூட்டைச் சுருக்க, 1990-இல் .40 தோட்டா பிறந்தது. 9 மி.மீ. பிஸ்டலின் அளவிலேயே அடங்கியதால் நாடெங்கும் காவல் துறைகள் அதை வாரி அணைத்துக்கொண்டன. ஆனால் அதே அளவுத் துப்பாக்கிக்குள் அதிக எடையுள்ள குண்டு, அதிக உதை. அடி வெடுக்கென்று விழும். முனை எகிறி மறுபடி குறிக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். கடைசியில் 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவே, பெரும்பாலானவர்கள் 9 மி.மீ.யில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள், புதிய வகைக் குண்டுகளில் காயத்தின் வித்தியாசமும் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை என்று எழுதிவைத்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

மயாமி வீணாகவும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் குண்டுகளை அளந்து பார்க்கும் ஒழுங்கு வந்தது. தசைக்கு ஈடாக வைக்கும் பத்து சதவீத ஜெலட்டின் பாளத்தில், துணி, மரப்பலகை, கார்க் கண்ணாடி எனத் தடைகளை வைத்துச் சுட்டு, குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை உள்ளே போகிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குக் குறைந்தால் உள்ளுறுப்பை எட்டாது, கூடினால் வெளியேறிப் பின்னால் நிற்பவர்மேல் பாயும். 9 மி.மீ.யில் முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் பல இதில் தேறுகின்றன. 9 மி.மீ.யைவிடப் பலம் குறைந்த .380 தோட்டா பல நேரம் திணறுகிறது: குண்டு விரிந்தால் ஆழம் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை. ஒரே குண்டில் ஆளைத் தூக்கி எறியும் கைத்துப்பாக்கி திரைப்படத்தில் மட்டும்தான் உண்டு. அப்படி எறிய வேண்டுமானால் சுடுகிறவனும் அதே விசையில் பின்னால் போய் விழ வேண்டும் அல்லவா? கைத்துப்பாக்கிக் குண்டு துளைதான் போடுகிறது. துளை எங்கே விழுகிறது, இரண்டாவது துளை எத்தனை விரைவில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது மாலதியின் ரிவால்வர். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அலுமினியச் சட்டம் போட்ட அந்தக் குட்டி ரிவால்வர் 425 கிராம் அளவில்தான் இருக்கும். பையில் போட்டால் தெரியாது, உண்மை. ஆனால் உதையைத் தாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. எடை இல்லாத இடத்தில் அத்தனையும் கைக்கே வந்து சேரும். ஒரு கிலோவுக்குச் சற்று மேலான இரும்புப் பிஸ்டலில் .45 சுடுவது மெதுவாகப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கும், இந்தக் குட்டியில் .38 சுடுவது உள்ளங்கையில் சுளீர் என்று அடிக்கும். அதோடு, ஒவ்வொரு முறையும் ட்ரிக்கரை முழு நீளம் இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். தன் எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இழுபலம் கேட்கும் கருவியை அசையாமல் குறியில் நிறுத்துவது பழகிய கைக்கே பெரிய பாடு. சிறியது, எளியது, ஆகவே பெண்களுக்கு ஏற்றது என்று யார் முதலில் சொன்னாரோ, அவர் அதில் ஒரு பெட்டித் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

.380 வாங்கலாமே என்று கேட்பாய். தோட்டா சின்னதுதான். ஆனால் வால்தர் பி.பி.கே. போன்ற பழைய பிஸ்டல்களின் அமைப்பில் குழல் அசையாது. பின்னால் சறுக்கும் மேல்பாகமான ஸ்லைடின் எடையும் கெட்டியான சுருள்வில்லும் மட்டுமே வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் ஸ்லைடை இழுக்கவும் கடினம், சுடும்போதும் தோட்டாவின் அளவுக்கு மீறி வெடுக்கென்று அடிக்கும். 9 மி.மீ. பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்வாங்கிப் பிறகு பிரிகின்றன. வேலை பகிர்ந்து நடப்பதால் சுருள் மென்மையாக இருந்தால் போதும். மாலதிக்கு மணிக்கட்டு வலி இருப்பதாகச் சொன்னாய். நடுத்தர 9 மி.மீ.யின் ஸ்லைடை அவளால் முழுதாக இழுக்க முடியாவிட்டால் மட்டும், எளிதாக இழுக்கவென்றே வடிவமைத்த .380 பிஸ்டல்கள் இருக்கின்றன, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸி அப்படி ஒன்று. அவளைக் கடைக்கு அழைத்துப் போய், அவள் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொல். நீ பக்கத்தில் நின்று "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்று சொல்லாதே.

கற்றுக்கொள்ள .22 நல்லது. என்.சி.சி.யில் நாம் படுத்துக்கொண்டு சுட்டதும் .22 ரைபிள்தான், உதை என்றால் என்னவென்றே தெரியாமல் குறி பார்க்கப் பழகினோம். பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உதறுவது கஷ்டம். ஆனால் கடையில் வைக்க அதை நம்பாதே. அதன் தோட்டாவில், ஊசி தட்டியதும் பற்றிக்கொள்ளும் தட்டுமருந்து விளிம்பைச் சுற்றித் தடவப்பட்டிருக்கும். வெடிக்காமல் போவது பெரிய தோட்டாக்களைவிட அதிகம்.

பழக்கம் என்றதும் செலவு. கடைகளில் 9 மி.மீ. தோட்டா மலிவு; .45-க்கு ஒன்றரை மடங்காவது கொடுக்க வேண்டியிருக்கும். வாங்கி வைத்துவிட்டு விலையை நினைத்து, சுட்டுப் பழகும் ரேஞ்ச் பக்கமே போகாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். உன் கையிருப்பும் எனக்குத் தெரியும்.

சுவரை மறந்துவிடாதே. ஊரில் செங்கல் சுவர். இங்கே கடைக்குப் பின்னால் நீங்கள் குடியிருக்கும் பகுதியைப் பிரிப்பது இரண்டு ஜிப்சம் பலகையும் நடுவில் வெற்றிடமும். 9 ஆனாலும் .40 ஆனாலும் .45 ஆனாலும் அந்தச் சுவர் பொருட்டே இல்லை, அடுத்த சுவரையும் தாண்டிப் போகும். கல்லாவிலிருந்து சுட்டால் குண்டு எந்தத் திசையில் போகும், அங்கே யார் படுத்திருப்பார்கள் என்பதை முதலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லாவின் கீழ் இழுப்பறையில் திறந்து வைப்பதும் வேண்டாம். உன் பேத்திகள் சனிக்கிழமை கடைக்கு வருகிறார்கள். பூட்டும் சிறு பெட்டி, அல்லது இடுப்பில்.

காதும் முக்கியம். ஒரு கைத்துப்பாக்கி வெடிப்பு 150 டெசிபலைத் தாண்டும். 140-லேயே காது கெடத் தொடங்கும். கூரை போட்ட ரேஞ்சில் செவியடைப்பானுக்கு மேல் காதுக்கவசமும் போடுங்கள்.

பொள்ளாச்சி வேலுச்சாமி போன வாரம் பேசினான். அவன் அப்பா காலத்து .32 ரிவால்வர் உரிமம் இன்னும் அவன் பெயரில் இருக்கிறது. 9 மி.மீ.யும் .45-உம் அங்கே தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள். ஆகவே அவனுக்கு இந்தத் தலைவலியே இல்லை. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறான். நம் சர்ச்சையைச் சொன்னேன். "உங்களுக்குக் கடையில் தேர்ந்தெடுக்கக் கிடைத்ததுதான் உங்கள் பிரச்சினை" என்று சிரித்தான்.

தீபாவளிக்கு வருகிறீர்கள் அல்லவா? அதற்குமுன் எதற்கும் பணம் கட்டாதே. வாங்கிய துப்பாக்கியைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. இங்கே வீட்டுக்குப் பக்கத்து ரேஞ்சில் வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கிறார்கள். நடுத்தர 9 மி.மீ. ஒன்று, இழுக்க எளிதான .380 ஒன்று, உன் ஆசைக்கு அந்த .45 ஒன்று, மூன்றையும் எடுத்துப் பார்ப்போம். ஏழு கஜ தூரத்தில் ஒரு தாள். மாலதிதான் முதலில் சுட வேண்டும், நீ பிறகு. அவள் தாளில் எது நெருக்கமாக விழுகிறதோ அதை வாங்கு. படிக்கப் போடும் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வா, முனைக் குறி தெரியாமல் போன தடவைபோல என்னைத் திட்டாதே. ஓட்டுநர் உரிம அட்டையும் கேட்பார்கள். தொக்கு இரண்டு பாட்டில்.

உன்,
சிவராமன்
ஹூஸ்டன்