உள்நாட்டு மருந்து உற்பத்தியாளர்களுடன் அரசு செய்யும் கொள்வனவு உடன்படிக்கைகள் தொடர்பான கோரிக்கை மனு

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்கள்,
சுகாதார அமைச்சு,
சுவசிரிபாய, கொழும்பு 10.

கௌரவ ஐயா,

நான் வட மாகாணத்து அரசாங்க வைத்தியசாலைகளில் 29 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன். என்னோடு ஒப்பமிட்டிருப்பவர்கள் மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் நீரிழிவு, பிரஷர் நோயாளர்கள். மருந்து நிறுவனங்களோடு அரசு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த நிபந்தனையில் என்பதுதான் எங்கள் கவலை.

2022 இல் நான் சேவையில் இருந்தேன். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் கிளினிக் கொப்பியை நீட்டினார். நான்கு மருந்தில் இரண்டுதான் எங்களிடம் இருந்தது. மற்றதைத் துண்டில் எழுதி, “வெளியில வாங்குங்கோ அம்மா” என்று கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தபோது பாமசி உறையை எடுத்துக் காட்டினார். பத்து நாளுக்குத்தான் வாங்கியிருக்கிறார். அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, உறையில் இன்னும் மூன்று குளிசை மிச்சம் வைத்திருந்தார். அன்றைக்கு அவருடைய பிரஷரை அளந்த தாதி உடனே வாட்டில் மறிக்கச் சொன்னார்.

டொலர் இல்லாததால் வந்த தட்டுப்பாடு அது என்பது தெரியும். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் அதே துண்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மருந்துத் தேவை மதிப்பீடு நேரத்துக்குப் போயிருக்கும், டெண்டர் இழுபடும், வந்த மருந்துத் தொகுதி தரப் பரிசோதனையில் தவறும், அப்புறம் அவசரக் கொள்வனவு. பதிவு செய்யாத மருந்தை அவசரத்தில் விலக்கு கொடுத்து வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரத்தில் நாடே பார்த்தது.

இந்த நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் அதன் மூலப்பெயரில், போட்டி விலையில், மொத்தமாக வாங்கலாம் என்று செய்து காட்டினார். 1987 இல் இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் வந்தது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையைத் தந்தது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைக்கப்பட்டது. உள்நாட்டு நிறுவனங்களுக்குக் கொள்வனவு உறுதி கொடுப்பதும் புதிதல்ல. அந்த உறுதிக்குப் பதிலாக அவர்கள் எங்களுக்கு என்ன உறுதி தருகிறார்கள் என்பதுதான் நோயாளிக்குத் தெரிவதில்லை.

ஆகவே ஐயா, நீரிழிவுக்கான மெற்போமின், பிரஷருக்கான லொசாற்றன் போல கிளினிக்கில் தினமும் போகும் மருந்துகளுக்குப் பல வருடக் கொள்வனவு அளவை முன்கூட்டியே சொல்லுங்கள். தொழிற்சாலை நடத்துபவருக்கு அது நியாயமாகத் தேவை. மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து இறக்குகிறவர் அடுத்த வருடம் எவ்வளவு விற்கும் என்று தெரியாமல் முதல் போட மாட்டார். பதிலுக்கு, மூன்று மாதத் தேவைக்கான மருந்து எப்போதும் நாட்டுக்குள் அவர்களுடைய களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். தவறினால் வெளியில் வாங்கும் மேலதிகச் செலவு அவர்களுடையது.

அரசு கொடுக்கும் விலையும் ஒவ்வொரு தொகுதியின் பரிசோதனை முடிவும் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். உள்நாட்டு உற்பத்தி என்பதற்காகத் தரத்தில் சலுகை வேண்டாம். விலை கொஞ்சம் கூடினால், ஏன் கூடியது என்று சொன்னால் போதும், விளங்கிக்கொள்வோம்.

இந்த உடன்படிக்கைகளைப் பேசும் மேசையில் மாவட்ட வைத்தியசாலை மருந்தாளர் ஒருவருக்கும் நோயாளர் தரப்பில் ஒருவருக்கும் இடம் வேண்டும். எந்த மருந்து எந்த மாதத்தில் முடியும் என்று கவுண்டருக்குள் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த மேசையில் இருக்கும் எவருக்கும் நிறுவனங்களோடு தொடர்பு இருந்தால் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கடந்த பன்னிரண்டு மாதங்களில் எங்கள் கிளினிக்கில் கிடைக்காமல்போன மருந்துகளின் விவரத்தை, மாதவாரியாக இத்துடன் இணைத்திருக்கிறோம். அதைப் பார்த்துத் தங்கள் பதிலை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரச மருந்தாளரும்
கீழே ஒப்பமிட்ட கிளினிக் நோயாளர்களும்