ஏற்காடு பங்கு வரலாற்று வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களுக்கும் தலைவர் அவர்களுக்கும், மழையையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு ஒன்பது கூட்டங்கள் நடைபெற்றன. கல்லறைத் திருநாளுக்கு முன்பு கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்தோம்.

அவற்றுள் மூன்று கூட்டங்களில், ஜப்பானின் கோத்தோ தீவுகளுள் ஒன்றான நாருவில் உள்ள எகாமி ஆலயத்தைப் பற்றி உரையாற்றினேன். மலைமேல் வாழும் நமக்குக் கடலோர மரக்கோயில் எதற்கு என்று சிலர் கேட்டதால், இங்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டுள்ளேன். 1542இல் நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணி தொடங்கிய புனித சவேரியாரே 1549இல் ஜப்பானுக்கு நற்செய்தியைக் கொண்டு சென்றார். பின்னர் அங்கு விதிக்கப்பட்ட தடை 1873இல் நீங்கும்வரை, தலைமுறை தலைமுறையாகக் குருக்கள் இன்றியே மறைவில் விசுவாசத்தைக் காத்தவர்களின் வழிவந்தோரே எகாமி மக்கள். கிபினாகோ என்னும் விரல் நீளச் சிறுமீனைப் பிடித்து விற்ற காசைச் சேர்த்து, அச்சிற்றூரார் 1918இல் இந்த ஆலயத்தை எழுப்பினர். கட்டியவர் தெட்சுகாவா யோசுகே; பௌத்தராகவே வாழ்ந்தபடி பல கத்தோலிக்க ஆலயங்களைக் கட்டியவர். ஈரம் மரத்தை அரிக்காதிருக்கத் தரையை உயர்த்திக் கீழே காற்றோட்டம் வைத்தார். சன்னல் கண்ணாடிகளில் கையால் பூக்கள் தீட்டப்பட்டன. 2018இல் உலக மரபுச் சின்னமான நாகசாகிப் பகுதித் தலங்களுள் இவ்வூரும் ஒன்று.

மூன்றாம் உரைக்கு வந்தோர் ஏழு பேர் மட்டுமே என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அன்று நான் பேசியது அந்த உயர்த்திய தரையைப் பற்றித்தான். முதியோரிடம் கேட்டெழுதிய நம் குறிப்பேடுகளும் பழைய புகைப்படங்களும் இவ்வாண்டுப் பனியிலும் மழையிலும் பூஞ்சை பிடித்ததற்கு, அவற்றை வெறுந்தரையில் அடுக்கியதே காரணம்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. காப்பிப் பறிப்பு முடிந்ததும் சந்தா தருவதாகக் கூறியவர்களில் பலர், அடுத்த பறிப்பும் முடிந்த பின்னும் செலுத்தவில்லை. தேநீர் வழங்கிய மகளிருக்கும் அறையைத் தந்துதவிய பங்குத்தந்தை அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், அடுத்த மழைக்கு முன் அறையில் ஓரடி உயரப் பலகை மேடை அமைக்க விரும்புகிறேன். தச்சர் மரத்திற்கு மட்டும் முன்பணம் கேட்டுள்ளார். சந்தாப் புத்தகத்துடன் வரும் மூன்று ஞாயிறுகளிலும் பூசை முடிந்ததும் ஆலய வாசலில் இருப்பேன்.

செயலாளர்