கதவு இறுகினால் மரத்தை மட்டும் திட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி அடைமழையில் கதவு இறுகிவிட்டால் 'மரம் சரியில்லை' என்று ஆசாரியைத் திட்டுவது நம் பக்கத்து வழக்கம். பல நேரம் குற்றம், பட்டறையில் பலகையை அடுக்கிய விதத்தில் இருக்கிறது.

செங்கோட்டை, தென்காசி பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் வாங்கும் பலகை, அதே வாரம் திருநெல்வேலியின் வறண்ட காற்றுக்கு வந்து சேர்கிறது. வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். முனை முதலில் சுருங்கி வெடித்துவிடும். இறக்கிய அன்றே இரு முனைகளிலும் மிச்சம்மீதி எனாமல் பெயின்டை இரண்டு முறை பூசினால் போதும்.

பலகை மேல் பலகையை ஒட்டி வைத்தால் பூஞ்சணம்தான். தரையிலிருந்து அரை அடி தூக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), ஒன்றரை அடிக்கு ஒன்று வைக்க வேண்டும். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேராக நிற்க வேண்டும். விலகினால் பலகை அந்த இடத்தில் தொங்கி அப்படியே காய்ந்துவிடும், பிறகு எவ்வளவு இழைத்தாலும் நேராகாது. ரீப்பர் காய்ந்ததாக இருக்கட்டும், பச்சை ரீப்பர் கறை விடும். உச்சியில் பாரம் ஏற்றுங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் போட வேண்டும். நாலு பக்கமும் மூடினால் உள்ளே ஆவிதான்.

பலகை காய, அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது ஒரு கணக்கு. அதைவிட நம்பகமானது தராசு: அடுக்கிலிருந்து ஒரே பலகையை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை இறங்காவிட்டால் வேலைக்கு எடுக்கலாம்.

பிளைவுட்டைச் சுவரில் சாய்த்து வைக்காத பட்டறையைப் பார்ப்பது அபூர்வம். சாய்த்தது நடுவில் தொந்தி போடும். 8×4 அடி பிளைவுட் தாளைப் படுக்கவைக்க, ஒரே உயரமுள்ள ஐந்து கட்டைகளை இரண்டு அடிக்கு ஒன்றாகக் குறுக்கே போடுங்கள். இடம் இல்லையென்றால் நெருக்கமான தடுப்புகளுக்குள் செங்குத்தாக நிறுத்தலாம். 18 மி.மீ. தாள் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். பத்துத் தாளைச் சுவர் பிராக்கெட்டை நம்பி ஏற்ற வேண்டாம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விளிம்பு ஒருமுறை நனைந்து ஊதினால் திரும்பாது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தாமிரபரணிக் கரைப் பட்டறைகளுக்கு அதைத் தரையில் வைக்கும் துணிச்சல் எப்படி வருகிறதோ!

சுவருக்கும் அடுக்குக்கும் ஓர் அடி இடைவெளி விட்டால் காற்றும் ஓடும், கரையான் மண்கோடு ஏறினால் கண்ணிலும் படும். தேக்கானாலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி கரையானுக்கும், மரத்தைத் துளைக்கும் உளுவுக்கும் இரைதான். பலகைக்கு அடியில் மாவு போல் தூள் உதிர்ந்திருந்தால் அன்றே அதைத் தனியே எடுத்துவிடுங்கள்; அடுத்த பலகைக்குப் பரவும்.

மர வேலைக்காரர்,
பாளையங்கோட்டை