தொட்டியின் நடுநாயகம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வண்ண மீன் வளர்ப்புக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் மாற்றுவது, ஃபில்டர் கழுவுவது எல்லாம் பழுதில்லாமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால், சின்ன மீன்கள் கூட்டமாக நீந்தும் தொட்டிக்கு நடுநாயகமாக ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் விடுங்கள், கூட நியான் டெட்ரா இருந்தால் அழகு என்று முடித்திருக்கும் இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஒரு வரியை நம்பி எத்தனை வீட்டில் பிள்ளைகள் அழப்போகிறார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில், வெயில் நேராக விழாத சுவரோரம், தொட்டி இருக்கிறது. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறத்தாழ 120 லிட்டர் பிடிக்கும். முதன்முதலில் அதில் விட்டது கட்டுரையில் சொன்ன அதே சேர்க்கைதான். பக்கத்து ஊர்க் கடையில், "ரெண்டும் ஒண்ணா இருக்கும் ஆச்சி, சாதுவான மீனு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்போது ஏஞ்சல் இரண்டும் எட்டணாக் காசு அகலம்தான். நியான் பன்னிரண்டு வாங்கினோம்.

நாலைந்து மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் புறப்படும் முன் விளக்கைப் போட்டு மீன்களை எண்ணுவது பேத்தியின் வழக்கம். ஒருநாள், "அப்பத்தா, ஒம்பதுதான் இருக்கு" என்றாள். செடிக்குள் ஒளிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அந்த வாரக் கடைசியில் ஆறு. செத்த மீன் ஒன்றுகூட மிதக்கவில்லை, அடியிலும் கிடைக்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் ஏஞ்சலின் வாயோரம் ஒரு சின்ன வால் தெரிந்தது. அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

ஏஞ்சலைக் குறை சொல்ல மாட்டேன். அது சிக்லிட் குடும்பத்து மீன். ஊர் அமேசான் ஆற்றுப்படுகை. தட்டையான உடம்பை வைத்துக்கொண்டு வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையில் நழுவிப் போய்ச் சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. நியானும் அதே படுகைதான். வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டரைப் பெரிதாகத் தாண்டாது. இரவில் அசையாமல் நிற்கும் நியான், வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குக் கச்சிதமான அளவு. போதாக்குறைக்கு இரண்டு ஏஞ்சலும் ஜோடி சேர்ந்து ஃபில்டர் குழாயில் முட்டை வைத்ததும், மற்ற மீன்களை எல்லாம் ஒரு மூலைக்குத் துரத்திவிட்டன.

அதனால் நடுநாயகம் தேடுகிறவர்கள் கடைக் கண்ணாடியில் தெரியும் அழகைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வளர்ந்தபின் அதன் வாய் எவ்வளவு பெரிதாக இருக்கும், முட்டையிடும் காலத்தில் அதன் குணம் எப்படி மாறும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் முத்துக் கூராமியைச் சொல்வேன். கடையில் பேர்ல் கூராமி என்று கேட்டால் தருவார்கள். நாலு, நாலரை அங்குலம் வளரும். உடம்பு முழுக்க முத்துப் பொடியைத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி. மூக்கு நுனியிலிருந்து வாலடி வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. ஆணுக்குப் பருவம் வந்தால் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சளாகச் சிவந்துவிடும். எங்கள் ஐயா அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன மலாயாவும் சுமத்ராவும்தான் இதற்கும் பிறந்த மண்.

நெஞ்சுக்குக் கீழே இரண்டு நூல்போல நீண்ட துடுப்புகள் உண்டு. எதை நெருங்கினாலும் முதலில் அந்த நூலை முன்னால் நீட்டித் தடவிப் பார்க்கும். எங்கள் தொட்டியில் அடியில் மேயும் கோரி மீன் ஒன்றைப் பெண் கூராமி இப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கியதை நானே பார்த்தேன். பேத்தி கண்ணாடியில் விரலை வைத்தால் உள்பக்கம் வந்து அதே இடத்தில் நூலை வைக்கும். அவள் விரலை நகர்த்தினால் நூலும் நகரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஊரணி வற்றும்போது சேற்றில் பனையேறிக் கெண்டை பிடித்தவர்களுக்கு, தண்ணீரைவிட்டு எடுத்தும் அது நெடுநேரம் துடித்துக்கொண்டிருப்பது நினைவிருக்கும். தலைக்குள் இருக்கும் மடிப்பு மடிப்பான உறுப்பால் காற்றையே நேராகச் சுவாசிக்கும் மீன் அது. கூராமிக்கும் அதே உறுப்பு உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வருகிறது. சித்திரை வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. மோட்டார் நின்றதும் மற்ற மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். நான் ஒரு மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பேன். கூராமி மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போகும். காற்றுக்கு மேலே வரும் மீன் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். ஆனால் மூடி இல்லாமல் இருக்கக் கூடாது, துள்ளி வெளியே விழும்.

வந்த முதல் வாரம் ஒளிந்தே கிடக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். மிதக்கும் செடி கொஞ்சம் போட்டு, ஃபில்டரின் வேகத்தைக் குறைத்துவிட்டால் தானாக வெளியே வரும். ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும். இரண்டு ஆண் இருந்தால் உரசல் வரலாம். செடிக்கடியில் ஆண் நுரைக்கூடு கட்டிக் காவல் இருக்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் விரட்டும், எங்கள் தொட்டியில் அது அந்த மூலையோடு நின்றுவிட்டது. துணைக்கு இப்போது எங்களிடம் இருப்பவை ஹார்லிக்வின் ராஸ்போரா எட்டு, கோரி ஐந்து. ராஸ்போராவும் மலாயா, சுமத்ரா பக்கத்து மீன்தான். டைகர் பார்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். கூராமியின் நூலைக் கடித்துக் கடித்தே தீர்த்துவிடும்.

இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு முத்துக் கூராமி பெரிது. அவர்கள் ஹனி கூராமியை வாங்கலாம். நம் நாட்டு மீன், 5 சென்டிமீட்டர்தான், பரம சாது. ட்வார்ஃப் கூராமி என்கிற குட்டைக் கூராமி நிறத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் பண்ணையில் பெருக்கிய அந்த மீன்கள் பலவற்றுக்கு ஒரு வைரஸ் நோய் இருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது. வாஸ்துவுக்கு என்று ஃப்ளவர்ஹார்ன் என்கிற முரட்டு மீனை வாங்குகிறவர்கள் அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

ஆஸ்கர் மீன் விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு அங்குலக் குட்டியாகக் கப்பிகளோடு ஒரே தொட்டியில் வைத்து விற்கிறார்கள். அது ஓர் அடி வளரும் மீன். ஒரு வருஷத்தில் வீட்டுத் தொட்டி போதாமல், கொல்ல மனம் வராமல், ராத்திரியோடு ராத்திரியாக ஊரணியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நம் முன்னோர் மழைத்தண்ணீரைத் தேக்கிக் காப்பாற்றிய ஊரணிகளில் அயல்நாட்டு மீன் பெருகினால் அயிரையும் கெண்டையும் எங்கே போகும்?

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பையில் வந்து இறங்கும் மீனைத் தொட்டியில் விடும்போதே, அது வளர்ந்தால் எத்தனை அங்குலம், எவற்றோடு சேராது என்று கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். மீன் விலையை எழுதும் அதே பேனா போதும்.

தாங்களும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஏஞ்சல், நியான் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காலாண்டுத் தேர்வு லீவு வருகிறது. பிள்ளைகள் தொட்டி கேட்டு அடம்பிடிப்பது அப்போதுதான். அதற்குள் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை.