படிக்கட்டில் வைத்த புத்தகங்களைக் கலைத்தது தொடர்பாக

முகாமையாளர் அவர்கட்கு,
தங்கள் வங்கிக் கிளை,
கிளிநொச்சி.

ஐயா,

கடந்த செவ்வாய்க்கிழமை அம்மாவின் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசை எடுக்க விசுவமடுவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தோம். 6.45க்கே தங்கள் வாசலில் நின்றோம். அம்மாவுக்கு வயது 71, முழங்கால் வருத்தம்.

எங்கள் சனத்தின் வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். வந்தவர் வந்த ஒழுங்கில் வங்கிப் புத்தகத்தைப் படிக்கட்டில் வைத்து, சோளகக் காற்று தூக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் போய் இருப்பார்கள். கல்லை ஒருவரும் நகர்த்துவதில்லை. தேத்தண்ணி குடிக்கப் போனவரின் இடமும் அப்படியே இருக்கும். அம்மாவின் புத்தகம் ஏழாவது.

8.40க்குக் காவலாளி வந்து எல்லாப் புத்தகங்களையும் ஒன்றாக அள்ளி மேசையில் போட்டார். "ஆள் நிண்டாத்தான் லைன், புத்தகத்துக்கு லைன் இல்லை" என்றார். கால் ஏலுமானவர்கள் ஓடிப்போய் முன்னுக்கு நின்றார்கள். அம்மா எழும்பி வர 43வது ஆள். கதவு திறந்த பிறகும் தெரிந்த ஆக்கள் மூன்று பேர் பக்கவாசலால் உள்ளே போனதைக் கண்டேன். நாங்கள் காசோடு வெளியே வர 12.20.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை, யாரோ சொல்லித்தான் செய்திருப்பார். ஆனால் வரிசையில் நிற்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். 2022 இல் பெற்றோலுக்கு இரவிரவாக மோட்டார் சைக்கிளோடு றோட்டில் படுத்தவர்கள். பெற்றோலுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். ஆனாலும் இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து அந்தந்த நாளில் போக, வரிசை தானாகக் குறைந்தது. ஒழுங்கு இதுதான் என்று முதலே சொன்னால் சனம் கேட்கும்.

தங்கள் கிளையில் இலக்கத் துண்டு கொடுக்கும் இயந்திரம் மாதக்கணக்காக துணியால் மூடிக் கிடக்கிறது. அதைத் திருத்தும்வரை கடதாசியில் எழுதியாவது காலை 7.30க்கு இலக்கம் கொடுங்கள். முதியவர்களுக்கு நாலு கதிரையும் வெளியே போடுங்கள். பக்கவாசலைப் பூட்டுங்கள்.

அம்மாவின் கணக்கு இலக்கமும் எங்கள் விலாசமும் தனித்தாளில் உண்டு. பதிலைத் தபாலில் அனுப்புங்கள். அதைக் கேட்கவும் அந்த வரிசையில் வந்து நிற்க எங்களால் ஏலாது.

இப்படிக்கு,
கணக்கு வைத்திருப்பவரின் மகள்,
விசுவமடு.