பதிவேட்டில் எழுதாமல் விட்ட ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே, அப்புறம் எதற்குப் பட்டியல் சாதிச் சலுகை?” என்று சென்ற வாரம் உங்கள் இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோபிப் பக்கம் கிராமச் சபைகளில் ஆயராக இருப்பவன் நான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தக் கடிதத்தைச் சபையார் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், “அவரு நம்மூருக்கு ஒருக்கா வந்து பாக்கட்டுங்க அய்யா” என்றார்.

அந்தப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருந்ததியர். தாத்தா காலத்திலேயே சபைக்கு வந்த குடும்பம். அந்தத் தாத்தா தோட்டத்துக் கிணறுகளில் மாடு கட்டித் தோல் பையில் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிய நாளில் அதற்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். இவருக்கு இப்போது எழுபது வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பழைய ஏற்பாட்டுப் பாடத்தை அவர்தான் வாசிப்பார். குரல் கணீரென்று இருக்கும். திங்கட்கிழமை மஞ்சள் காட்டில் இருபது வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லி, “வாடா” என்று கூப்பிடுகிறான். அவர் அந்தப் பையனை “சாமி” என்கிறார். என் கண்ணெதிரே நடந்தது இது. கூப்பிட்ட பையன் அவர் எந்த மதம் என்று யோசிக்கவே இல்லை. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருக்கிறவரும், “நீ ஞானஸ்நானம் வாங்கியவனா?” என்று கேட்டுவிட்டு நீட்டுவதில்லை.

மதத்தைக் கேட்பது சட்டம்தான். 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். பழங்குடியினருக்கு இப்படி ஒரு நிபந்தனை கிடையாது. இருளர் ஒருவர் சபைக்கு வந்தாலும் பழங்குடியாகவே இருக்கிறார். மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்த மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. நடுவில் 2022-இல் இதையே ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டு, அதற்கும் காலக்கெடுவை நீட்டினார்கள்.

வாசகர் இதைச் ‘சலுகை’ என்கிறார். படிப்பும் வேலையும் மட்டும் போவதில்லை ஐயா. தனி ஊராட்சியில் தலைவராக நிற்கும் உரிமை போகிறது. சாதி சொல்லி அடித்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடும் உரிமையும் கூடவே போகிறது. அடி மட்டும் அப்படியே விழுகிறது.

போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தாய் கைக்குழந்தையோடு ஞானஸ்நானத்துக்கு வந்தாள். தகப்பன் பேரூராட்சியில் குப்பை வண்டி ஓட்டுகிறவர். தண்ணீரை அள்ளி நெற்றியில் விட்டதும் பிள்ளை வீறிட்டு அழுதது, சபையே சிரித்தது. எல்லாம் முடிந்து பதிவேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தபோது அவள் பக்கத்தில் வந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “அய்யா, நோட்டுல மட்டும் பேரு எழுத வேண்டாங்க. நாளைக்குப் புள்ளைக்குச் சர்டிபிகேட் வாங்கறப்ப வம்பாயிருமுங்க.”

அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பட்டியல் சாதி இடஒதுக்கீட்டுக்குள்ளேயே அருந்ததியருக்கென்று 2009-இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. தலைமுறை தலைமுறையாகச் சாக்கடை அள்ளியும் செருப்புத் தைத்தும் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போக ஆரம்பித்திருப்பது அந்த உள்ஒதுக்கீட்டால்தான். நான் எழுதும் ஒரு வரி, கிறிஸ்தவன் என்பதற்குச் சாட்சியாகி, அந்தப் பிள்ளையைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குத் தள்ளிவிடும். அங்கே நிலபுலன் உள்ளவர்களோடு அவன் போட்டி போட வேண்டும்.

நான் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அது சட்டப்படி சரியா என்றால் சரி என்று சொல்ல மாட்டேன். ஒரு ஆயராக அது சரியா என்று கேட்டாலும் என்னால் வாய் திறக்க முடியாது. உண்மையைப் பேசு என்று பிரசங்கம் செய்கிறவன், ஒரு குழந்தையின் முதல் நாளிலேயே மறைத்துப் பழகக் கற்றுக்கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

வாசகரின் கேள்வியில் பாதி எங்கள் தலையிலும் விழுகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு சபையில் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கும் அறிவிப்பு, இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறுக்கு முன் பையன் வீட்டார் வந்து, “வேண்டாங்கய்யா, விசாரிச்சுட்டோம்” என்றார்கள். எதை விசாரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்கே தெரியும். இரண்டு வீட்டாரும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. இந்தப் பாவத்துக்கு டெல்லியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சபைகளெல்லாம் சேர்ந்த பேராயத்துக்குத் தேர்தல் வரும்போது எங்களுக்குள் ஓட்டு எப்படிப் பிரிகிறது என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். சபைக்குள் சாதி செத்துவிட்டது என்று சொல்கிற யோக்கியதை எங்களுக்கு இன்னும் வரவில்லை. அது சாகவில்லை என்பதால்தானே அந்த ஆணையை மாற்றச் சொல்லிக் கேட்கிறோம்?

இப்போது மாதம் ஒரு ஞாயிறு, பிரசங்கத்துக்குப் பதிலாக இதையெல்லாம் உட்கார்ந்து பேசுகிறோம். ஆலயத்தில் எதற்கு அரசியல் என்று சிலருக்கு வருத்தம். பெரியவர் மட்டும் ஒரு மாதமும் தவறுவதில்லை.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் சபையின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அல்ல. எழுதப்படாத அந்தப் பெயர் யாருடையது என்று தேடிக்கொண்டு யாரும் அந்த வீட்டு வாசலுக்குப் போய் நிற்கக் கூடாது.

தங்கள் உண்மையுள்ள,
கிராமச் சபை ஆயர் ஒருவர்,
கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்.